எழுதிட்டுப் போனாவ, திரும்பி வந்தாவளா? ஊரோடும் பள்ளியோடும் சேர்ந்து ஆய்வு செய்வது பற்றி

சுனாமி வந்து சில ஆண்டுகள் கழிந்திருந்தன. கல்லூரி மாணவர்கள் நான்கைந்து பேரை அழைத்துக்கொண்டு கடலோர ஊர் ஒன்றுக்குப் போயிருந்தேன். ஆளுக்கொரு கட்டு அச்சடித்த வினாத்தாள் கையில் இருந்தது. முதல் வீட்டுப் பாட்டி எங்களைத் திண்ணையில் உட்காரவைத்துக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். பிறகு உள்ளே போய் ஒரு மஞ்சள் துணிப்பையை எடுத்து வந்து எங்கள் முன்னால் கவிழ்த்தார். டோக்கன் சீட்டுகள், எண் எழுதிய அட்டைகள், யார் யாரோ கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துப்போன துண்டுக் காகிதங்கள். உப்புக் காற்றில் ஓரம் பழுத்துப்போயிருந்தன. "சுனாமிக்குப் பொறவு எத்தன பேரு வந்து எழுதிட்டுப் போனாவ தெரியுமா மக்களே? எழுதுனது என்னாச்சுன்னு சொல்ல ஒருத்தராவது திரும்பி வந்தாவளா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கணக்குக் கேட்பதுபோலக் கேட்டார்.

அந்த ஆண்டு நாங்களும் திரும்பிப் போகவில்லை. தேர்வு வந்தது. மாணவர்கள் படிப்பை முடித்துக்கொண்டு பிரிந்தார்கள். அறிக்கை ஓர் அலமாரிக்குள் போனது. அந்தப் பாட்டிக்கு நான் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. முதல்முறையாக ஓர் ஊருக்கோ பள்ளிக்கோ ஆய்வு செய்யவும் தொண்டு செய்யவும் போகிற மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தாமதமாகக் கற்றதை நீங்கள் போவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐ, கு, ஓடு

பள்ளியில் படித்த வேற்றுமை உருபுகள் இங்கே கைகொடுக்கும். மக்களை ஆராய்வது ஒன்று. மக்களுக்காக ஆராய்வது ஒன்று. மக்களோடு ஆராய்வது இன்னொன்று. முதலாவதில் கேள்வியும் நம்முடையது, பதிலும் நம்முடையது. ஊர் வெறும் செயப்படுபொருள். இரண்டாவதில் ஊருக்கு நல்லது செய்யும் எண்ணம் உண்டு, ஆனால் எது நல்லது என்பதை நாமே முடிவு செய்துவிடுகிறோம். மூன்றாவதில் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது, கிடைத்த பதிலை வைத்து என்ன செய்வது என்ற மூன்று இடத்திலும் ஊர்க்காரர்கள் நம்மோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இதைத்தான் பங்கேற்பு ஆய்வு என்கிறோம்.

இது புதிய யோசனை இல்லை. 1946-இல் குர்ட் லெவின் என்ற உளவியல் அறிஞர் 'செயலாய்வு' என்று ஒன்றை முன்வைத்தார். ஒரு நிலைமையை மாற்ற முயன்றுகொண்டே அதைப் படிப்பது, படித்ததை வைத்து மறுபடி முயல்வது என்பது அதன் சாரம். கொலம்பியாவில் ஓர்லாண்டோ ஃபால்ஸ் போர்டா உழவர்களோடு சேர்ந்து இதை வேறொரு திசைக்குக் கொண்டுபோனார். 1977-இல் அங்குள்ள கார்த்தஹேனா நகரில் இதற்காகவே ஓர் உலக மாநாடு கூடியது. இந்தியாவில் ராஜேஷ் டாண்டன் 1982-இல் புது தில்லியில் 'பிரியா' என்ற அமைப்பைத் தொடங்கி இதை வளர்த்தார். நம் ஊர்க்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் அறிவொளி இயக்கம். 1991-இல் புதுக்கோட்டையில் தொண்டர்கள் வீடு வீடாகப் போய் எழுதப் படிக்கத் தெரியாதவர்களைக் கணக்கெடுத்தார்கள். அதோடு நிற்கவில்லை. கணக்கெடுத்த தெருவிலேயே மாலையில் விளக்கேற்றி வகுப்பு நடத்தினார்கள். கேட்டவர்களே திரும்பி வந்தார்கள். ஆய்வும் தொண்டும் இப்படி ஒரே கயிற்றில் முறுக்கேறினால் அது வலுவான கயிறு.

ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. தொண்டு செய்யும்போது பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். ஆய்வு செய்யும்போது அந்தப் பிள்ளை எப்படி வாசிக்கிறது என்று குறித்துக்கொள்கிறீர்கள். இரண்டையும் ஒரே ஆள் செய்யும்போது ஒரு சிக்கல் வருகிறது. 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி போன்ற மாலை வகுப்பு ஒன்றில் நீங்கள் தன்னார்வலராக இருக்கிறீர்கள் என்று வையுங்கள். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் 'பழம்' என்பதைப் 'பலம்' என்று எழுதுகிறான். அவன் அக்காவிடம் காட்டுவதுபோல நம்பிக்கையோடு அந்த நோட்டை உங்களிடம் காட்டினான். அதைப் படம் எடுத்து, அவனுக்கும் வீட்டுக்கும் தெரியாமல் உங்கள் திட்ட அறிக்கையில் ஒட்டினால் அவன் கொடுத்த நம்பிக்கையைத் தரவாக மாற்றிவிட்டீர்கள். எந்த நேரத்தில் நீங்கள் அக்கா, எந்த நேரத்தில் ஆய்வு செய்பவர் என்பது பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பெரும்பாலான மாணவர்களுக்கு இந்த வாசல் நாட்டு நலப்பணித் திட்டத்தின் வழியாகத் திறக்கிறது. 1969 செப்டம்பர் 24-இல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் அது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம். ஏழு நாளில் குளக்கரையைச் சுத்தம் செய்யலாம், கண் பரிசோதனை முகாம் நடத்தலாம். ஓர் ஊரைத் தெரிந்துகொள்ள ஏழு நாள் போதாது. ஆனால் அந்த 240 மணி நேரத்தையும் ஒரே ஊருக்கு, ஒரே பள்ளிக்கு என்று ஒதுக்கினால் கதையே வேறு. வாரம் ஒரு மாலை இரண்டரை மணி நேரம் என்று பிரித்தால் 96 வாரம் வருகிறது. இரண்டு ஆண்டுகள் ஒரே பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கிறீர்கள். என்னைக் கேட்டால் பத்து ஊரில் பத்து முகாம் நடத்துவதைவிட இதுதான் மேல் என்பேன்.

முதலில் தாள் இல்லாமல் போங்கள்

வினாத்தாள் தயாரிப்பதற்கு முன் நான்கைந்து முறையாவது சும்மா போய்வர வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இது ஏன் கட்டாயம் என்பதற்குச் சில காரணங்கள் சொல்கிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் எழுத்தறிவு 91.75 விழுக்காடு; தமிழ்நாட்டிலேயே அதுதான் உயர்ந்தது. அதே கணக்கில் மாவட்டத்தின் 82 விழுக்காடு மக்கள் நகர்ப்புறத்தில் வாழ்கிறார்கள் என்றும் இருக்கும். வெளியூரில் உட்கார்ந்து இந்த இரண்டு எண்ணையும் படிப்பவருக்கு ஒரு பெரிய நகரமும், படித்த கூட்டமும் மனதில் வரும். நேரில் வந்தால் தென்னந்தோப்பும் வாழைத்தோட்டமும் குளமும், சானல் என்று நாம் சொல்லும் பாசனக் கால்வாயுமாக இருக்கிறது. காரணம், இங்கே பேரூராட்சிகள் மிகுதி. பேரூராட்சியில் இருப்பவர் கணக்கில் நகரவாசி. வீட்டைச் சுற்றி இருப்பது மரச்சீனி, அதாவது மரவள்ளி. அதேபோல 91.75 என்பது சராசரி. பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்காரர் என்ற பழங்குடியினரின் குடியிருப்பிலிருந்து பள்ளிக்கு இறங்கி வரும் பிள்ளையின் வழி அந்த எண்ணுக்குள் தெரியாது.

அடுத்தது பருவம். கடலோரப் பள்ளிகளில் வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஒரு ஆய்வு செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் இந்த ஒரே மாவட்டத்தில் இரண்டு விதமாக வருகிறது. கிழக்குக் கடற்கரைக் கணக்கில் சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கடற்கரைக் கணக்கில் குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டத்துப் பிள்ளைக்குத் தடைக்காலத்தின் பெரும்பகுதி கோடை விடுமுறையிலேயே கழிந்துவிடும். குளச்சல் பக்கத்துப் பிள்ளைக்கோ பள்ளி திறந்து, பையும் செருப்பும் நோட்டும் வாங்க வேண்டிய அதே ஜூன் மாதத்தில் அப்பாவின் படகு கரையில் கட்டிக்கிடக்கும். இது தெரியாமல் இரண்டு ஊரையும் ஜூனில் ஒப்பிட்டு, 'இந்த ஊர்ப் பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை குறைவு' என்று எழுதினால் அது ஆய்வு அல்ல, அவதூறு.

தூத்தூர் பக்கம் இன்னொரு கணக்கு. அங்குள்ளவர்கள் ஆழ்கடல் தொழிலுக்குப் போனால் வாரக்கணக்கில் கடலிலேயே இருப்பார்கள். அப்பா கரைக்கு வந்திருக்கும் சில நாட்களில் ஒரு சின்னப் பிள்ளை பள்ளிக்குப் போகாமல் அவரோடு ஒட்டிக்கொண்டு இருந்தால், அந்த 'ஆப்சென்ட்'டுக்கு என்ன காரணம் என்று எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பீர்கள்? 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலில் அப்பாக்களை இழந்த பிள்ளைகள் இருக்கிற கரை அது. அங்கே 'தந்தையின் தொழில்' என்ற கேள்வியை வகுப்பில் எல்லோர் முன்னும் சத்தமாகக் கேட்கக்கூடாது என்பதை எந்த ஆய்வு நூலும் சொல்லித் தராது. பக்கத்து வீட்டு அக்கா சொல்லுவார்.

மலையோரம் போனால் ரப்பர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியுமுன்பே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார்கள். அம்மாவும் அப்பாவும் தோட்டத்தில் இருக்க, அக்கா தம்பியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்குக் கூட்டிப்போவாள். காலை எட்டு மணிக்குக் கதவைத் தட்டி 'பெற்றோர் இல்லை' என்று எழுதிக்கொண்டு வராதீர்கள்.

சொற்களிலும் கவனம் வேண்டும். 'முந்திரி பதப்படுத்தும் தொழிற்சாலையில் பணிபுரிகிறீர்களா?' என்று கேட்டால் ஒரு நொடி விழிப்பார்கள். 'அண்டி ஆபீஸ்ல வேலையா அக்கா?' என்று கேட்டால் உடனே பதில் வரும். 'மாத வருமானம் எவ்வளவு?' என்ற கேள்வி வள்ளத்தில் போகிறவருக்குப் பொருளே தராது. மீன் ஏலத்தில் போன பிறகு எண்ணெய்ச் செலவும் சாப்பாட்டுச் செலவும் கழித்து, வள்ளத்துக்கும் வலைக்கும் உள்ளது போக மிச்சத்தை ஆட்கள் பங்கு வைப்பார்கள். இன்று ஆயிரம், நாளை ஒன்றும் இல்லை. 'போன வாரம் எத்தனை நாள் கடலுக்குப் போனீங்க, கடைசியா கிடைச்ச பங்கு எவ்வளவு?' என்று கேட்பதே சரி.

ஒரு தவறை என் கண்முன்னால் பார்த்தேன். வெளி மாவட்டத்தில் தயாரித்த காலை உணவு வினாத்தாள் ஒன்றில் இட்லி, தோசை, பொங்கல், உப்புமா என்று கட்டங்கள் இருந்தன. ஒரு பிள்ளை எதிலும் டிக் அடிக்காமல் உட்கார்ந்திருந்தது. தாளைச் சேர்ப்பவர் அதைக் 'காலை உணவு உண்ணாதவர்' என்ற பக்கத்தில் வைத்தார். நான் பிள்ளையிடம் கேட்டேன். "கெழங்கும் சாளக் கறியும் தின்னேன்" என்றது. மரச்சீனிக் கிழங்குக்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை. வயிறு நிறைந்து வந்த பிள்ளை, அறிக்கையில் பட்டினிப் பிள்ளையாகிவிட்டது. இன்று அதே கேள்வியைக் கேட்பதானால் இன்னொன்றும் சேர்க்க வேண்டும். 2023 ஆகஸ்டிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இருக்கிறது. வீட்டிலா, பள்ளியிலா, இரண்டிலுமா என்று பிரித்துக் கேட்காவிட்டால் கணக்கு குழம்பும்.

யாரைக் கேட்க வேண்டும்

பள்ளிக்குள் நுழைய எழுத்தில் அனுமதி வேண்டும். அரசுப் பள்ளி என்றால் உங்கள் கல்லூரிக் கடிதத்தோடு கல்வித் துறை அலுவலகத்துக்குப் போய் அனுமதி பெற்று, பிறகு தலைமை ஆசிரியரைப் பாருங்கள். உதவி பெறும் பள்ளி என்றால் தாளாளரையும் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்தில் அத்தகைய பள்ளிகள் நிறைய. விளவங்கோடு பக்கத்தில் மலையாள வழியில் படிக்கும் பிள்ளைகளும் உண்டு. அங்கே போகிற குழுவில் மலையாளம் தெரிந்த ஒருவர் இருந்தால்தான் மரியாதை.

தாளில் கிடைக்கும் அனுமதி வாசல்வரைதான். கல்வி உரிமைச் சட்டம் 2009 ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும், உதவி பெறும் பள்ளிக்கும் ஒரு பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். புதிதாகப் போகிறவர்கள் இந்தக் குழுவைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. எனக்கு இதைவிட நல்ல இடம் தெரியாது. 'நாங்கள் இதைப் படிக்கலாம் என்று நினைக்கிறோம், உங்களுக்கு எது தெரிய வேண்டும்?' என்று அந்தக் கூட்டத்தில் கேளுங்கள். பலமுறை நாம் கொண்டுபோன கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றைத் தருவார்கள். அது நஷ்டம் இல்லை. கடலோரத்தில் பங்குத்தந்தையும் அன்பியம் என்ற கிறிஸ்தவக் குடும்பக் குழுக்களின் கூட்டங்களும், மலையில் காணிக்காரரின் தலைவரான மூட்டுக்காணியும், மற்ற இடங்களில் ஊர்த் தலைவரும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் என்று ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் வாசல் உண்டு. ஆனால் தலைவர் சரி என்றதும் ஊரே சரி என்றதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தலைவர் பேசும்போது பின்வரிசையில் பேசாமல் இருக்கும் பெண்களிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள், பாதி விஷயம் அங்கே இருக்கும்.

பிள்ளைகளின் சம்மதம் தனி விஷயம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள், ஆய்வில் சேரும் பிள்ளைக்குப் பெற்றோரின் சம்மதத்தோடு அந்தப் பிள்ளையின் ஒப்புதலும் வேண்டும் என்கின்றன. 7 முதல் 12 வயது வரை வாய்மொழியாக, அதற்கு மேல் 18 வரை எழுத்தில். அவை மருத்துவ ஆய்வுக்கு எழுதியவைதான் என்றாலும் பள்ளியில் செய்யும் எந்த ஆய்வுக்கும் நான் அதையே அளவாக வைக்கிறேன். சார் சொன்னால் வகுப்பு முழுக்கக் கை தூக்கும்; அது சம்மதம் ஆகாது. "வேண்டாம்னா சொல்லலாம், யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாவ" என்று சொல்லிவிட்டு, உண்மையிலேயே ஒரு பிள்ளை வேண்டாம் என்றால் அதைப் போய் விளையாட விடுங்கள். மற்ற பிள்ளைகள் அதைப் பார்க்கட்டும். அதற்குப் பிறகு கிடைக்கும் 'சரி'க்குத்தான் மதிப்பு. பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள், எவ்வளவு அழகான படமானாலும். பேசிக்கொண்டிருக்கையில் ஒரு பிள்ளை தனக்கு நடக்கும் கொடுமையைச் சொன்னால் அந்த நிமிடத்தோடு ஆய்வு முடிந்தது. அது குறிப்பேட்டில் எழுதிவைக்கிற விஷயம் அல்ல. பொறுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், 1098-ஐ அழையுங்கள்.

தரையில் வரைந்த வழி

பிள்ளைகளே ஆய்வு செய்பவர்களாகும்போது என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தால்தான் நம்ப முடியும். 1993-இலிருந்து நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து ஆராய்கிறார்கள். அதுபோன்ற ஒரு முயற்சியாகத்தான் நாங்கள் சானல் கரையை ஒட்டிய ஒரு நடுநிலைப் பள்ளியில் தொடங்கினோம்.

தலைமை ஆசிரியை கேட்ட கேள்வி இது: மழை பெய்தால் குறிப்பிட்ட ஒரு தெருப் பிள்ளைகள் மட்டும் ஏன் வருவதில்லை? நம் மாவட்டத்தில் ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழை. ஆண்டுக்கு இரண்டு முறை இந்தத் தொல்லை வருகிறது. மாணவர்கள் கைப்பேசி வரைபடத்தில் அளந்து பார்த்தார்கள். அந்தத் தெரு அப்படியொன்றும் தூரம் இல்லை. 'வீட்டில் கவனிப்பு இல்லை' என்ற முடிவுக்குப் பாதி வந்துவிட்டார்கள்.

சாக்குக்கட்டியைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, பள்ளிக்கு வரும் வழியைக் கூடத்துத் தரையில் வரையச் சொன்னோம். முதலில் பள்ளி மணியை வரைந்தார்கள். பிறகு கோவில், பெட்டிக்கடை, டாஸ்மாக், பெரிய புளியமரம். ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி முட்டிபோட்டு உட்கார்ந்து தன் வழியை வரைந்துகொண்டே போனாள். நேராக வரவேண்டிய கோடு புளியமரத்தடியில் திடீரென்று வளைந்து, கூடத்தின் மறு ஓரம்வரை போய்த் திரும்பியது.

"இது ஏன் பாப்பா இவ்வளவு சுத்திப் போவுது?"

"மழன்னா இந்தப் பக்கம் வரமாட்டோம் அண்ணா. சானல்ல எறங்குற படி ஒடஞ்சு கெடக்கு. போன வருசம் என் தம்பி வழுக்கி விழுந்தான். லுங்கியப் போட்டுத்தான் எங்க மாமா புடிச்சு ஏத்துனாவ."

அவள் சொன்னதும் மற்ற பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். இங்கே நாய் நிற்கும். இந்த இடத்தில் தண்ணீர் முழங்கால்வரை வரும். இந்த வீட்டுத் தாத்தா நல்லவர், வாசலில் நிற்க விடுவார். ஒரு பையன் சிவப்புக் கட்டியை எடுத்துப் படித்துறையில் ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டான். மறுவாரம் மாணவர்கள் அந்தப் பிள்ளைகளோடு இரண்டு வழியிலும் நடந்து அளந்தார்கள். சுற்றுவழி கிட்டத்தட்ட இரட்டிப்புத் தூரம். சுற்றிவந்தால் நனைந்துபோய்த் தாமதமாக வரவேண்டும். வகுப்பு வாசலில் நிற்பதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று பிள்ளைகள் முடிவு செய்திருந்தார்கள். 'பள்ளியிலிருந்து வீடு எவ்வளவு தூரம்?' என்ற ஒற்றைக் கேள்வியில் இதில் எதுவும் வந்திருக்காது.

இதைக் கேட்டால் சிலர் 'இது விஞ்ஞானமா?' என்பார்கள். விஞ்ஞானம்தான். ஒரு ஊகம் இருந்தது, அதைச் சோதித்தோம், ஊகம் தவறு என்று தெரிந்தது, வேறு விளக்கம் கிடைத்தது, அதையும் நடந்து அளந்து சரிபார்த்தோம்.

காணிகளின் பச்சிலை

ஊரிடமிருந்து பெறுவதற்கு என்ன கைம்மாறு என்ற கேள்விக்கு உலகமே எடுத்துக்காட்டும் ஒரு கதை நம் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் நடந்தது. 1987-இல் அகத்தியர் மலைக் காட்டுக்குள் போன அறிவியலாளர் குழு ஒன்றுக்குக் காணிக்காரர் சிலர் வழிகாட்டினார்கள். ஏற்றத்தில் குழுவினர் இளைத்து உட்கார, வழிகாட்டிகள் மட்டும் ஒரு செடியின் சின்னக் காயைத் தின்றுவிட்டுக் களைப்பில்லாமல் நடந்தார்கள். அது என்ன என்று கேட்டபோது முதலில் சொல்ல மறுத்தார்கள். அது அவர்கள் சமூகத்தின் அறிவு. பிறகுதான் காட்டினார்கள். அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா அதை ஆராய்ந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. தயாரிக்கும் உரிமைக்குக் கிடைத்த 10 லட்சம் ரூபாயிலும், விற்பனையில் வந்த 2 விழுக்காடு உரிமத்தொகையிலும் பாதியைக் காணிகளுக்குக் கொடுப்பது என்று முடிவானது. அதைப் பெற 1997-இல் காணிகளின் அறக்கட்டளை ஒன்று பதிவானது.

அறிவைக் கொடுத்தவர்களுக்கும் பங்கு உண்டு என்று ஏற்றுக்கொண்டது பெரிய விஷயம். ஆனால் தொடக்கத்திலேயே எல்லாக் காணிக் குடியிருப்புகளையும் கூட்டிக் கேட்கவில்லை என்ற மனக்குறையும் அவர்களுக்குள் இருந்தது. ஒரு சிலர் சொன்ன சரி, எல்லோருடைய சரியாகுமா என்ற கேள்வி இன்றும் அந்தக் கதையோடு சேர்ந்தே வருகிறது. இதே காணிக்காரர்கள் நம் பேச்சிப்பாறைக் காட்டிலும் இருக்கிறார்கள். மூலிகைத் திட்டக்கட்டுரை எழுதுகிறேன் என்று அங்கே போகும் மாணவர், ஒரு பெரியவர் சொன்ன இலையின் பெயரையும் பயனையும் இணையத்தில் ஏற்றுவதற்கு முன் இந்தக் கதையை நினைக்க வேண்டும்.

திரும்பிப் போகும் நாள்

திட்டம் போடும்போதே திரும்பிப் போகும் தேதியைக் குறித்துவிடுங்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் தேர்வு வந்துவிடும், எனக்கு வந்தது. கிராம ஊராட்சி என்றால் கிராம சபை நல்ல இடம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கடைசி நாள் 1956-இல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நாளும்கூட. பேரூராட்சியில் கிராம சபை கிடையாது. அங்கே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தையோ, வார்டு உறுப்பினர் கூட்டும் கூட்டத்தையோ பயன்படுத்துங்கள்.

கல்லூரிக்கு நாற்பது பக்கம் கொடுத்தாலும் ஊருக்கு இரண்டு பக்கம் தனியாக எழுத வேண்டும், பெரிய எழுத்தில், ஊர்ச் சொல்லில். அதில் பிள்ளைகளின் பெயரோ அடையாளமோ இருக்கக்கூடாது. ஐந்தாம் வகுப்பில் பலருக்கு வாசிப்பு வரவில்லை என்பதுபோல மனம் நோகும் முடிவு ஏதாவது வந்தால், அதை முதலில் கேட்க வேண்டியவர் அந்த வகுப்பாசிரியர். தனியாக, நேரம் ஒதுக்கி, அவர் பக்கத்து விளக்கத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். நாளிதழில் பார்த்து அவர் தெரிந்துகொள்ளும் நிலை வந்தால் அந்தப் பள்ளிக் கதவு உங்களுக்குப் பின்னால் வரும் எல்லா மாணவர்களுக்கும் மூடிக்கொள்ளும். மாலை வகுப்பை நிறுத்தப் போகிறீர்கள் என்றால் ஒரு மாதத்துக்கு முன்பே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். சொல்லாமல் நின்றுபோன அக்காவுக்காகப் பல நாள் வாசலில் காத்திருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அந்தச் சானல் கரைப் பள்ளியில் தரைப்படத்தை ஒரு பெரிய சார்ட்டில் பெயர்த்தெழுதிப் பெற்றோர் கூட்டத்தில் தொங்கவிட்டோம். அதே ஆறாம் வகுப்புப் பிள்ளைதான் கம்பால் சுட்டிக்காட்டி விளக்கினாள். உடைந்த படியைச் சரிசெய்யக் கேட்டு ஒரு மனு எழுதி, பெற்றோர் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். எல்லாம் முடிந்தது என்று சார்ட்டைச் சுருட்டப் போனோம். பின்னால் நின்ற ஓர் அம்மா முன்னால் வந்து, சுற்றுவழியில் ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"இது தெரு இல்ல மக்களே. எங்க கொழுந்தனாருக்க விளை. மழைக்குப் பிள்ளைய போட்டும்னு வேலிய நாங்கதான் தொறந்து விட்டிருக்கோம். தெருன்னு எழுதாதீங்க, பொறவு வழிப்பாதைன்னு வழக்கு வரும்."

மாணவர் ஒருவர் அங்கேயே சார்ட்டைத் தரையில் விரித்து, தெரு என்ற சொல்லை அடித்துவிட்டு, அந்த அம்மா சொல்லச் சொல்லத் திருத்தி எழுதினார்.